குதிரையின் பிடரி

டோப்பா என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டோப்பா என்பது நாடகத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வது. நான் செய்வது விக். கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலையில், கொக்கி ஊசியால், ஒவ்வொரு முடியாக எடுத்து முடிச்சுப் போட்டுச் செய்வது. ஒரு தலையை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் பூத்துப்போகும். நெற்றி ஓரத்தில் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் கோணல்மாணலாக, கொஞ்சம் அடர்த்தி குறைத்துக் கட்ட வேண்டும். கடவுள் யாருக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு முடி கொடுத்ததில்லை. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாதவர்கள்தான் இந்தத் தொழிலில் பெரிய போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊரே ‘குதிரை’ என்று கூப்பிட்ட ராக் பாடகரின் தலையில் இருந்தது நான் கட்டிய முடி. மேடையில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது தலையை ஒரு சுழற்று சுழற்றுவார். தோள்வரை தொங்கும் முடி பிடரி சிலிர்த்த மாதிரி எழுந்து பறக்கும். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். பேரும் அதனால்தான் வந்தது. இளவயதிலேயே புழுவெட்டு வந்து தலை முழுக்க மொட்டையாகிப்போன மனிதர் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கடைசி மாதங்களில் வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்குத் தெரியும். கூடவே வாசித்தவர்களுக்குத் தெரியாது. உடன்பிறந்த அண்ணனுக்கே தெரியாது.

முன்னறையில் என் அண்ணி பார்லர் நடத்துகிறாள். பின்னறைதான் என் பட்டறை. பார்லருக்கு விடுமுறை நாளாகப் பார்த்து அவர் பின்வாசல் வழியாக வருவார். வந்ததும் விக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “முடியரசி, குதிரைக்கு லாடம் அடிக்கணும்” என்பார். எனக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. அறுந்த இடங்களில் நான் முடி சேர்த்துக்கொண்டிருக்க, அவர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு என் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வியாக இருக்காது. போன முறை நான் சொன்ன வைத்தியரிடம் போனேனா, என்ன மாத்திரை கொடுத்தார் என்று கேட்பார். ஒருமுறை நான் கழுத்தைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது, பாட்டுக்காரர்கள் காகிதம் வைத்துப் பார்க்கும் இரும்புத் தாங்கி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அதில் வலையைப் பொருத்திக்கொண்டால் குனிய வேண்டாம் என்றார். இத்தனை வருஷத்தில் என் வீட்டு மனிதர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

இப்படிப்பட்டவர் என்பதால்தான் அவர் இறந்த செய்தி வந்த அன்று தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று பேசிக்கொண்டார்கள். கச்சேரி முடிந்ததும் கூலியாட்களோடு உட்கார்ந்து ஒயர் சுருட்டுவார், யாரோ காவலாளியின் மகள் கல்யாணத்தில் போய்ப் பாடினார் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். காலையிலேயே அவருடைய மனைவி எனக்குப் போன் செய்திருந்தார். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

“அக்கா, நாளைக்குக் காலையில வந்து உங்க கையாலயே வெச்சு விடுங்க. அவர யாரும் வேற மாதிரி பாத்துடக் கூடாது.”

வருகிறேன் என்றேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மத்தியானம் வெந்நீர் எடுக்க முன்னறைக்குப் போனேன். அண்ணி ஒரு வாடிக்கையாளருக்குத் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓர் ஆள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நகரத்தில் நாலு இடத்தில் கடை வைத்திருக்கிற முடிதிருத்துகிறவன். பிரபலங்களுக்கு மட்டும்தான் கத்தரி எடுப்பானாம். “அந்த முடி என் குழந்தை மாதிரி” என்றான். வருஷக்கணக்காக அவருக்குத் தான்தான் முடி வெட்டியதாகவும், நுனி பிளக்காமல் இருக்கத் தானே ஓர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்ததாகவும் சொன்னான். அந்த எண்ணெய் இப்போது எல்லாக் கிளைகளிலும் கிடைக்கும் என்பதையும் அழுகைக்கு நடுவில் மறக்காமல் சொன்னான்.

பிணம் விழுந்த வீட்டிலும் கடை விரிக்கிறானே என்று கோபம் வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு வந்த கோபம் அது இல்லை. நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கட்டிய முடிக்கு இவன் அப்பன் ஆகிறானே என்ற கோபம். சாயத்துக்குத் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த அம்மாள் வேறு, “கைராசிக்காரர்தான், முடியைப் பாத்தாலே தெரியுது” என்று அவனைப் பாராட்டி வைத்தாள். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“அந்த ஆளு அவர் தலையில கத்தரியே வெச்சதில்ல. அது நான் கட்டின முடி. ஒவ்வொண்ணும் என் கையால கட்டினது.”

அண்ணியின் கை அப்படியே நின்றது. அந்த அம்மாள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“அப்போ டோப்பாவா?”

“டோப்பா இல்ல. விக்” என்று திருத்தினேன்.

அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வெளியில் மூச்சு விட்டுவிடாதீர்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். சாயக்காரம்மாள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யப்போய், சாயம் ஒட்டிவிடும் என்று கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியம் அவள் வீடு போய்த் தலையைக் கழுவும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லோர் போனிலும் அது வந்துவிட்டது. ஒரு முட்டைக்கு மைக் பிடித்த கை வரைந்து யாரோ அனுப்பியிருந்தார்கள். லாயத்தில் கட்டிய மொட்டைக் குதிரை ஒன்று வந்தது. காலையில் அழுதவர்களே மாலையில் அதை அடுத்தவர்களுக்கு அனுப்பிச் சிரித்தார்கள். இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள், தாங்கள் ஏதோ அந்த முடியை நம்பிப் பெண் கொடுத்த மாதிரி. டிவியில் அதே முடிதிருத்துகிறவன் மறுபடியும் வந்து, தனக்கு எப்போதோ தெரியும் என்றும், மரியாதைக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னான். நெருங்கிய வட்டாரத்திலிருந்து வந்த தகவல் என்று செய்தி வாசித்தார்கள். நெருங்கிய வட்டாரம் பின்னறையில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அண்ணி வந்து வாசலில் நின்றாள். “உனக்கு வாயில சனி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என் மேல் அவள் எப்போதும் குறைவாகவே தப்பு கண்டுபிடிப்பவள்.

மறுநாள் காலை போனபோது அவர்கள் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். அவர் படம் போட்ட பனியன்களோடு பெண்களும் ஆண்களும் நின்றார்கள். சிலர் கண் சிவந்திருந்தது. சிலர் போனைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் கருவிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. என்னை யாருக்குத் தெரியும்?

உள்ளறையில் கட்டிலில் அவரைப் படுக்க வைத்து, கறுப்புச் சட்டை போட்டு, தலையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்கள். அவருடைய அண்ணன் நடைக்கும் கூடத்துக்கும் நடந்தபடி யாரிடமோ போனில் இரைந்துகொண்டிருந்தார். தம்பிக்கு முடி இல்லை என்பதை ஊரோடு சேர்ந்து தானும் தெரிந்துகொண்ட அவமானம் அவர் குரலில் இருந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

நர்ஸ்தான் சொல்லியிருக்கிறாள் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டாராம். லீவில் ஊருக்குப் போயிருந்தவள், செய்தி கேட்டு விடியற்காலையில் வந்தபோது கேட்டுக்கு உள்ளேகூட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். அவளை வேலைக்கு அனுப்பிய நிறுவனத்துக்கும் போன் போட்டு, நோயாளி வீட்டு ரகசியத்தை வெளியில் சொல்கிறவள் என்று புகார் கொடுத்தாகிவிட்டது. இனி எந்த வீட்டுக்கும் அவளை அனுப்ப மாட்டோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் மாதக்கணக்கில் அவருக்கு மலம் அள்ளி, முதுகு துடைத்து, வலி வந்த ராத்திரிகளில் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டு அவர் கவனத்தைத் திருப்பியவள். நானே பார்த்திருக்கிறேன்.

“சிஸ்டர் அப்படிச் செய்வாங்கன்னு என் மனசு ஒத்துக்கல அக்கா” என்றார் மனைவி. “ஆனா வேற யாரு? நான், அவங்க, நீங்க. உங்களச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிடும்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தாம்மா என்ற ஒரு வார்த்தை போதும். முந்தின நாள் கேட்காமலே திறந்த வாயில், இப்போது நானே திறந்தும் வார்த்தை வரவில்லை. பெட்டியைத் திறந்து பசையைத் தேட ஆரம்பித்தேன். முதலில் வேலையை முடிப்போம், இந்த அம்மாள் மனசை இப்போது உடைக்க வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாள்மேல் அக்கறையாம்.

துண்டை எடுத்தேன். சில்லிட்ட தோலில் எப்போதும் போடும் ஒட்டு நாடா ஒட்டவில்லை. நெற்றியைப் பலமுறை துடைத்து உலர்த்தி, மேடைக் கூத்துக்காரர்கள் மழையில் ஆடும்போது போடுகிற கெட்டிப் பசையைத் தடவி, விக்கின் ஓரத்தை ஒரு மயிரிழைகூடத் தூக்காமல் படிய வைத்தேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. முடியை நீவி, தலையணையில் இரண்டு பக்கமும் பரப்பி, ஒரு கற்றையை மட்டும் அவர் வழக்கப்படி நெற்றியில் விழவிட்டேன். மனைவி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தூங்குகிற மாதிரி இருக்கிறார் என்றார்.

கூடத்தில் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். வரிசை உள்ளே வந்தது. நான் சுவரோரம் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றிக்கும் முடிக்கும் நடுவில் பார்த்தார்கள். அழுதுகொண்டு வந்தவர்கள்கூடக் குனிந்து ஒரு கணம் அங்கேதான் கண்ணைச் செலுத்தினார்கள். எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடினார்கள். அந்த மனிதர் அவர்களுக்காகத் தொண்டை கிழியப் பாடினார், கடைசியாக அவர்கள் பார்த்துவிட்டுப் போனது ஒரு விளிம்பைத்தான். அதற்குக் காரணம் நான்.

பனியன் போட்ட ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: “பாத்தா தெரியவே இல்லல்ல?”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். கண்ணெதிரே இறந்துகிடக்கிற மனிதரை வைத்துக்கொண்டு, யாராலும் ஓரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம்தான், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த வரிசையில் நானும்தான் நின்றிருக்கிறேன். எல்லோரையும்விட முன்னால் நின்று அந்த ஓரத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் எரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிய மருந்துக் கடை வாசலில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகச் சொன்ன பிறகும் போகாமல் நின்றிருக்கிறாள். நான் வெளியே போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, இவள் இல்லை நான் என்று சொன்னால், அவளும் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடுவாள். இந்த வரிசை முடியட்டும் என்று நினைத்தேன். வரிசை முடிந்ததும், சொந்தக்காரர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். வண்டி அவளைக் கடந்துதான் போனது. அவள் மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மனைவி என்னைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். இடுகாட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கூட வாசித்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அவர்களில் டிரம்ஸ் வாசிக்கிற தடியர் குழந்தை மாதிரித் தேம்பினார். முடியாவது மண்ணாங்கட்டியாவது, எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களும் மொட்டை அடிச்சிருப்போமே என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மண்வெட்டிகள் மீதி வேலையைச் செய்தன.

கூட்டம் கலையும்போது மதில் ஓரத்தில் நர்ஸை மறுபடியும் பார்த்தேன். பின்னாலேயே ஏதோ வண்டி பிடித்து வந்திருக்கிறாள். மனைவியும் பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், தானே செய்துவிட்டவள் மாதிரி.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அவங்க இல்லம்மா. நான்தான் சொன்னேன்” என்றேன்.

மனைவிக்கு முதலில் புரியவில்லை. பார்லரில் நடந்ததைச் சொன்னேன். டிவியில் அவன் தன் வேலை என்று பீற்றிக்கொண்டது பொறுக்கவில்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற அண்ணனும் கேட்டார். அவர் கத்தவில்லை. என் கருவிப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செத்த எலியைக் கண்டவர் போல ஓரடி தள்ளி நின்றுகொண்டார். அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள், என் பெயரையே சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

மனைவி என்னை ஒன்றும் திட்டவில்லை. நேராக மதில் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். நர்ஸின் இரண்டு கையையும் பிடித்து, “மன்னிச்சுடுங்க சிஸ்டர்” என்றார். நானும் சொன்னேன். காலில் விழவும் தயாராக இருந்தேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் கண் எங்களைத் தாண்டி, புது மண் குவித்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

“அதைக் கழட்டிட்டீங்களாம்மா?” என்று கேட்டாள்.

எதை என்றார் மனைவி.

“முடியை. கடைசியில அவர் அதைப் போட்டுக்கவே இல்லம்மா. நீங்க ரூமுக்கு வர்ற சத்தம் கேட்டா மட்டும் மாட்டிக்குவாரு. நீங்க வருத்தப்படுவீங்களாம். ‘சிஸ்டர், நான் போனதும் கழட்டி வெச்சுடுங்க, வெறுந்தலையோட போறேன், எல்லாரும் ஒரு தடவ என்னப் பாத்துக்கட்டும்’னு சொன்னாரு. ‘நான் சொன்னா அவ அழுவா, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க’ன்னாரு. அதைச் சொல்லத்தான் காலையில வந்தேன். உள்ள விடல.”

மனைவி மண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நான்தான் வெக்கச் சொன்னேன்” என்றார், என்னையும் சேர்த்து மன்னிக்கிற மாதிரி. அந்த மன்னிப்பை நான் எங்கே வைத்துக்கொள்வது? கேட்டைத் தாண்டி அவள் உள்ளே வந்திருந்தால், அவர் தானே தன் தலையைக் காட்டிவிட்டுப் போயிருப்பார். ஊர் அவரை முழுசாகப் பார்த்து அழுதிருக்கும். முட்டைப் படம் வரைந்தவனுக்கும் அதற்குமேல் வரைய எதுவும் இருந்திருக்காது. அவள் வராமல் அந்தக் கேட்டை அடைத்தது என் வாய். அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்துகொண்டே, ஒரு மயிரிழை தூக்காமல் அதை அவர் தலையில் ஒட்டி அனுப்பியது என் கை.

நான் நின்ற நிலையைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். என் முழங்கையைத் தொட்டாள்.

“விடுங்கக்கா. உங்க வேலையப் பத்தி அவர் எப்பவும் பெருமையாத்தான் சொல்லுவாரு.”

என் வேலையை யாராவது புகழமாட்டார்களா என்று ஆயுசு பூராவும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றியது.